சாரம் கட்டுவதும் ஒரு படிப்புதான்!



நம்ம சிவில் பாடத்தில் சாரத்துக்கு எவ்வளவு இடம் என்று யோசித்துப் பாருங்கள். "சாரம் என்றால் என்ன?" என்று ஒரு இரண்டு மார்க் கேள்வி. போனால் போகட்டும் என்று, "சாரத்தின் வகைகளைக் கூறுக" என்று இன்னொன்று. ஒற்றைச் சாரம், இரட்டைச் சாரம், தொங்கு சாரம், இரும்புச் சாரம் என்று மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன முதல் நாளே நாம் கால் வைக்கப்போவது சாரத்தின் மேல்தான்.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் "இது சிவில்காரன் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பாய்லருக்கு இன்சுலேஷன் போடணுமா, சிம்னியில் வெல்டிங்கா, கூரையில் கேபிள் டிரே மாட்டணுமா, எல்லாத்துக்கும் முதலில் யாரோ ஒருத்தர் சாரம் கட்டியாக வேண்டும். அந்த "யாரோ ஒருத்தர்" என்ன படித்தார், எங்கே படித்தார், அந்தப் படிப்பு ஏன் முக்கியம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விடுமுறைப் பயிற்சிக்காக நான் அடையாறில் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் சில வாரங்கள் இருந்தேன். அங்கே பார்த்ததையும், அதற்கப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பழைய வித்தை

சாரம் என்பது நமக்குப் புதுசு இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கல் ஏற்றுவதற்கு, பல மைல் தூரத்தில் இருக்கும் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஊர்ப் பெயரிலேயே சாரம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

நம்ம சென்னைப் பக்கம் சாரம் என்றாலே சவுக்குக் கட்டைதான். வேடிக்கை என்னவென்றால் சவுக்கு நம்ம ஊர் மரமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரன் கடற்கரை மணலில் வரிசை வரிசையாக நட்டது. நேராக வளரும், சீக்கிரம் வளரும், மணலிலும் வளரும். ரயிலுக்கு நிலக்கரி வந்தது, அப்புறம் டீசல் வந்தது, கரண்டும் வந்தது. சவுக்கு மட்டும் நம்ம மேஸ்திரிகள் கையில் தங்கிவிட்டது. சவுக்கும் தேங்காய் நார்க் கயிறும் இருந்தால் போதும், ஒரு ஸ்பேனர்கூட இல்லாமல் நாலு மாடிக்குச் சாரம் எழும்பிவிடும்.

இந்த வித்தையை முழுசாகப் பார்க்கணும் என்றால் கோபுரத் திருப்பணி நடக்கும்போது பார்க்க வேண்டும். மயிலை கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம் சுமார் 120 அடி. 2016 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. கோபுர வேலைக்குச் சாரம் கட்டுவது சாதாரணச் சுவருக்குக் கட்டுவது மாதிரி இல்லை. கோபுரம் மேலே போகப் போகக் குறுகும், அதனால் சாரமும் படிப்படியாக உள்ளே நகர்ந்து ஏற வேண்டும். மேலெல்லாம் சுதைச் சிற்பம், அதில் ஆணி அடிக்க முடியாது, ஓட்டை போட முடியாது. ஒரு பொம்மையின் மூக்கு உடைந்தால்கூட ஊரே கேட்கும். பிடித்துக்கொள்ள இடம் இல்லாத ஒன்றைச் சுற்றி, அதைத் தொடாமல், நாலு பக்கமும் தனக்குத்தானே நிற்கிற மாதிரி கட்டணும். கும்பாபிஷேகம் 12 வருஷத்துக்கு ஒரு முறை என்கிற வழக்கப்படி கணக்குப் போட்டால் 2028-ஐ ஒட்டி மறுபடி மயிலையில் சாரம் ஏறும். அப்போது மாட வீதியில் நின்று ஒரு மணி நேரம் அண்ணாந்து பாருங்கள். எந்த லேபிலும் கிடைக்காத பாடம் அது.

இரும்பு வந்தது

இப்போது தி.நகரில் பெரிய கடைகளின் முகப்பிலும், மெட்ரோ வேலை நடக்கிற இடங்களிலும் இரும்புக் குழாய்ச் சாரம்தான் அதிகம் தென்படுகிறது. குழாயின் வெளி விட்டம் 48.3 மி.மீ. சுவர்த் தடிப்பு 3.2 அல்லது 4 மி.மீ. தடிப்பு 3.2 என்றால் 6 மீட்டர்க் குழாய் சுமார் 21 கிலோ, 4 என்றால் சுமார் 26 கிலோ. இதைத்தான் மாடி மாடியாகக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள்.

உறுப்புகளின் பெயர் தெரிந்துகொள்வோம். நேராக நிற்கும் குழாய் ஸ்டாண்டர்டு. சுவருக்கு இணையாகப் படுத்திருப்பது லெட்ஜர். சுவரைப் பார்த்துக் குறுக்கே போவது டிரான்சம், அதன் மேல்தான் பலகை. மூலைவிட்டமாகச் சாய்ந்து போவது பிரேசிங். சாரத்தைக் கட்டடத்தோடு பிடித்துக் கட்டுவது டை. குழாயையும் குழாயையும் சேர்ப்பது கிளாம்ப்: செங்கோணத்தில் மட்டும் பிடிப்பது ஃபிக்ஸ்டு, எந்தக் கோணத்திலும் திரும்புவது ஸ்விவல். அடியில் பேஸ் பிளேட், அதற்கும் அடியில் பலகை. ஆள் நிற்கும் இடத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் குழாய், நடுவில் இன்னொரு குழாய், காலடியில் டோ போர்டு. செங்கல்லோ சுத்தியலோ உருண்டு கீழே போகிறவன் தலையில் விழாமல் தடுப்பது அந்த டோ போர்டுதான்.

இதோடு கப்லாக், எச்-பிரேம் என்று ரெடிமேட் வகைகளும் வந்துவிட்டன. கிண்ணத்தில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். வேலை சுலபம்தான். ஆனால் எந்த வகையாக இருந்தாலும் அதற்குள் ஓடுகிற கணக்கு ஒன்றுதான்.

நம்ம எஸ்.ஓ.எம். பேப்பர் அங்கேதான் இருக்கு!

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்றாலே பாதிப் பேருக்கு அரியர்ஸ் ஞாபகம்தான் வரும். ஆனால் அந்தப் பேப்பர் உயிரோடு நிற்கிற இடம் சாரம். நாலு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

முதல் கணக்கு, பாரம். கொத்து வேலைக்கான பொதுச் சாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ என்பது பிரிட்டனில் பழக்கமான கணக்கு. இரண்டு ஸ்டாண்டர்டுக்கு இடையே 2.1 மீட்டர், அகலம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். ஆக அந்த ஒரு கட்டத்துக்கு 500 கிலோதான் அனுமதி. இப்போ ஏற்றுங்கள்: செங்கல் 100, ஒன்று 3 கிலோ வீதம் 300 கிலோ. கொத்தனாரும் சித்தாளும் 130 கிலோ. கலவைச் சட்டி நாலு, 60 கிலோ. கூட்டினால் 490! "இன்னும் ஒரு ஐம்பது கல்லு மேல ஏத்திடு, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கணக்கு உதைக்கிறது.

இரண்டாவது, வளைவு. நீளமான தூண் நசுங்குவதற்கு முன்னால் வளைந்து போகும் என்று ஆய்லர் சொன்னதைப் படித்திருக்கிறோம். 48.3 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிப்புள்ள குழாயை இரண்டு முனையும் கீல் என்று வைத்து, 2 மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டேன். சுமார் 57 கிலோ நியூட்டன் வந்தது. அதே குழாயை 4 மீட்டருக்குப் போட்டால் சுமார் 14 கிலோ நியூட்டன். அதாவது நடுவில் இருக்கும் ஒரு லெட்ஜரைக் கழற்றினால் குழாயின் பலம் பாதி ஆகவில்லை, கால் பங்காகிவிட்டது. இது வெறும் புத்தகக் கணக்கு. துருவும் கோணலும் உள்ள நிஜக் குழாய்க்கு இன்னும் குறைவு. "ஒரு குழாய்தானே, போறதுக்கு வழியில்லை, எடுத்துடுப்பா" என்று சொல்கிறவருக்கு இந்தக் கால் பங்கு தெரியாது.

மூன்றாவது, தரை. தி.நகர் முழுக்க ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் அந்த நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் நகரை அமைத்தார்கள். மழை பெய்தால் மண் பழைய உறவை மறப்பதில்லை! ஒரு ஸ்டாண்டர்டில் ஒன்றரை டன் இறங்குகிறது என்று வைப்போம். பேஸ் பிளேட் 15 செ.மீ.க்கு 15 செ.மீ., பரப்பு 225 சதுர செ.மீ. அப்படியானால் சதுர செ.மீ.க்கு 6.7 கிலோ. அடியில் 22.5 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வளையாத தடிப்பில் பலகை போட்டால் பரப்பு பத்து மடங்கு. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.67 கிலோ. ஒரு பலகை செய்கிற வேலை இது. அந்தப் பலகைக்குப் பதில் உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்!

நாலாவது, காற்று. சென்னைக்குக் கட்டடக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். தூசி வெளியே போகக்கூடாது என்று சாரத்தைச் சுற்றி 10 மீட்டருக்கு 10 மீட்டர் கித்தான் கட்டியிருந்தால், புயல் அன்றைக்கு அதன் மேல் விழுவது 15 டன் அளவுக்கு வரலாம். அது சாரம் இல்லை, பாய்மரம்! 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் என்ன ஆட்டம் ஆடியது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கித்தானை எப்போது அவிழ்க்கணும், டையை எவ்வளவு நெருக்கமாகப் போடணும் என்று தெரிந்தவர்தான் சாரக்காரர்.

கை படிக்கும் பாடம்

கணக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. நம்மில் யாரையாவது ஒரு லாரி குழாயை இறக்கிவிட்டு "கட்டு" என்றால் முழிப்போம். அடையாறு வேலையில் சாரத்துக்குப் பொறுப்பான மேஸ்திரியிடம், "அண்ணே, இதை எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "மூணு வருஷம் கீழ நின்னு குழாய் எடுத்துக் கொடுத்தேன் தம்பி. மேல ஏற விடவே இல்ல எங்க மாமா" என்றார். அந்த மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பிரிட்டனில் சாரக்காரர்களுக்கு வைத்திருக்கும் முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

அங்கே சாரக்காரர்களுக்கு அட்டை முறை உண்டு. முதலில் பயிலுநர் அட்டை. முதல் பகுதி வகுப்பு முடித்து, மாதக்கணக்கில் வேலைத்தளத்தில் பழகி, இரண்டாம் பகுதி வகுப்பு முடித்து, அப்புறம் செய்முறைத் தேர்வு. தேறினால் நீல அட்டை. அதற்கும் மேலே சிக்கலான சாரம் கட்டத் தனிப் பயிற்சியும் தேர்வும் முடித்தால் தங்க நிற அட்டை. நம்ம மாமாவின் மூணு வருஷத்துக்கும் இதற்கும் வித்தியாசம், கடைசியில் கையில் ஒரு அட்டை கிடைக்கிறது என்பதுதான்.

சிங்கப்பூரில் 2011-ல் சாரத்துக்கென்றே தனி விதிமுறை போட்டார்கள். 4 மீட்டருக்கு மேல் உயரமான சாரத்தை அனுமதி பெற்ற சாரக் கான்டிராக்டர்தான் கட்ட வேண்டும். கட்டுகிற ஆள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், மேற்பார்வைக்குத் தனி சூப்பர்வைசர் இருக்க வேண்டும். ஹாங்காங்கில் மூங்கில் சாரத்துக்கே பயிற்சியும் தொழில் தேர்வும் உண்டு. மூங்கிலோ சவுக்கோ இரும்போ, கட்டுகிற கைக்குப் படிப்பு வேண்டும் என்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

அந்தப் படிப்பில் என்னதான் இருக்கும்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சாமானைப் பார்த்துத் தள்ளுவது. வளைந்த குழாய், வெடித்த கிளாம்ப், முடிச்சு விட்ட பலகை, மக்கிய கயிறு எல்லாம் தனியாகப் போக வேண்டும். அப்புறம் குழாயைத் தூக்கும் விதம், கைமாற்றும் விதம். பிறகு தரை பார்த்தல், பலகை போடுதல், ரசமட்டம் வைத்து முதல் லெட்ஜரை மட்டமாக்குதல், தூக்குக்குண்டு விட்டு ஸ்டாண்டர்டை நேராக்குதல். அடியில் அரை அங்குலம் சாய்ந்தால் ஆறாவது மாடியில் அது எவ்வளவு ஆகும் என்று நமக்கே தெரியும்.

அடுத்தது கிளாம்ப் இறுக்குவது. இதற்கு 50 நியூட்டன் மீட்டர் என்று ஒரு அளவு இருக்கிறது. 20 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 25 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வரும். குறைவாக இறுக்கினால் வழுக்கும். முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும். பழகிய கைக்கு இது பார்க்காமலே தெரியும். பழகாத கைக்குப் பழக்கித்தான் ஆகவேண்டும்.

பிறகு பிரேசிங், டை, ஏணி. ஏணிக்குக் கணக்கு நாலுக்கு ஒன்று: நாலு மீட்டர் உயரத்துக்கு அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்கணும். தலை, ஏறி நிற்கும் தளத்துக்கு மேலே ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டு இருக்கணும். அப்புறம் பெல்ட் போடுவது, அதைவிட முக்கியமாக பெல்ட்டை எதில் மாட்டுவது என்பது. தொங்கிக்கொண்டிருக்கும் ஆளை எப்படிச் சீக்கிரம் இறக்குவது என்பதும் பாடத்தில் உண்டு. பெல்ட்டில் அசையாமல் ரொம்ப நேரம் தொங்குவதே ஆபத்து.

கடைசிப் பாடம் பிரிப்பது. கட்டுவதைவிட இதுதான் பொல்லாதது. கடைசியில் போட்டதை முதலில் எடுக்கணும். "வேலைதான் முடிஞ்சுதே" என்ற அவசரத்தில் டையை எல்லாம் முதலில் அவிழ்த்துவிட்டால், பத்து மீட்டர் உயரத்துக்கு இரும்பு தனியாக நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதன் இஷ்டம்.

"நிறுத்து" என்று சொல்வதற்கு

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியும் அட்டையும் எதற்கு? நல்லாக் கட்டுவதற்கு மட்டுமா?

நான் இருந்த வேலைத்தளத்தில் ஒரு நாள் காலையில் மேஸ்திரி வழக்கம்போல சாரத்தைச் சுற்றி வந்தார். ஒரு ஸ்டாண்டர்டில் கை வைத்து ஆட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எல்லாரும் இறங்குங்க" என்று குரல் கொடுத்தார். மூன்றாவது மாடியில் ஜன்னல் கிரில் மாட்ட வந்தவர்கள், முந்தின நாள் சாயந்திரம், இடைஞ்சலாக இருந்த இரண்டு டைகளை அவிழ்த்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. மேலே பூச்சு வேலைக்கு ஏழு பேர் ஏறியாகிவிட்டது.

இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் டை மறுபடி போட்டாகிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக அங்கே இருந்த சூப்பர்வைசர் போட்ட சத்தம் இருக்கிறதே! "யாரைக் கேட்டு வேலையை நிறுத்தின? நீ என்ன இன்ஜினீயரா?" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் சாரம் கட்டிய மனுஷன், வாயைத் திறக்காமல் நின்றார். சரியாகச் செய்த வேலைக்குத் திட்டு வாங்கினார். "உங்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அட்டையும் சான்றிதழும் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. "நிறுத்து" என்று சொல்கிற ஆளுக்கு அது பக்கபலம். பிரிட்டனில் ஆள் விழக்கூடிய உயரத்துச் சாரத்தை 7 நாளுக்கு ஒரு முறையாவது தகுதி உள்ளவர் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு விதி. வாசலில் ஒரு சீட்டு தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் மேனேஜராக இருந்தாலும் கீழே நில் என்று அர்த்தம். சத்தம் போட்டு ஜெயிக்க முடியாது.

சத்தத்துக்குப் பயந்து நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின்நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் கட்டினார்கள். சாரம் தரையில் நிற்கவில்லை. கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே போல்ட் போட்டு மாட்டி, கோபுரம் வளர வளர மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். 1978 ஏப்ரல் 27-ஆம் தேதி, முந்தின நாள் போட்ட கான்கிரீட் போதுமான பலம் பெறுவதற்குள் அதன் மேல் பாரம் வந்தது. சாரத்தோடு சேர்ந்து எல்லாரும் சரிந்தார்கள். 51 பேர் இறந்தார்கள். கியூரிங், 7 நாள் பலம், 28 நாள் பலம் என்று நாம் லேபில் கியூப் உடைத்து எழுதுகிறோமே, அந்தக் கணக்கு அன்றைக்கு 51 வீட்டின் கணக்காகிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி நம்ம எண்ணூரில், அனல் மின்நிலையக் கட்டுமானத்தில், உயரத்தில் இரும்பு அமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்த ஊரில் சாகிறவன் பெயர்கூட நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

சட்டமும் வழியும்

நம்ம நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சாரத்துக்கான பாதுகாப்பு விதிகளாக ஐ.எஸ். 3696 என்ற தர ஆவணத்தின் முதல் பகுதி 1987-ல் வந்தது. 1991-ல் வந்த இரண்டாம் பகுதி ஏணிக்கு. 1996-ல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1998-ல் வந்த மத்திய விதிகளில் சாரத்துக்கென்றே ஒரு அத்தியாயம். அந்தச் சட்டத்தை 2020-ல் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்த்தார்கள், அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் 1994-லேயே அமைந்துவிட்டது.

பயிற்சிக்கும் வழி இருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் 1995-ல் சென்னையில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் தொடங்கியது. சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கொத்து வேலை வரிசையில் சாரமும் ஒரு தொழிலாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேசியத் திறன் திட்டத்திலும் உதவிச் சாரக்காரர், சாரக்காரர் என்று படிகள் வைத்துப் பாடத்திட்டம் இருக்கிறது. பத்தாவதோடு நின்றுவிட்ட தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் யாராவது "சும்மா இருக்கேன்" என்றால் இந்த வழியைச் சொல்லுங்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்குக் கையில் தொழிலும் சான்றிதழும் இருந்தால் "ஹெல்பர்" என்று ஒரே குவியலில் தள்ளிவிட முடியாது.

நமக்கு? தரமணியில் மத்திய அரசின் வட்டாரத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. பட்டமோ டிப்ளமோவோ முடித்து வேலை அனுபவமும் உள்ளவர்களுக்கு அங்கே தொழிற்பாதுகாப்பில் ஒரு வருட மேல் டிப்ளமோ உண்டு. அதே தரமணியில்தான் டிப்ளமோ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி ஏற்பாடு செய்யும் தென்மண்டல வாரியமும் இருக்கிறது. அப்ரண்டிஸாகப் போகும்போது கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்காராமல், ஒரு வாரமாவது சாரக்காரர்களோடு நில்லுங்கள்.

ஏறுவதற்கு முன் ஏழு பார்வை

இதைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாலும் சரி:

1. அடியில் பலகை இருக்கா? மழைக்குப் பின் மண் அரித்திருக்கா?
2. ஸ்டாண்டர்டு நேரா நிற்குதா? எல்லாமே ஊன்றி நிற்குதா, இல்லை ஒன்று அந்தரத்தில் தொங்குதா?
3. பிரேசிங் கீழிருந்து மேல் வரை விடாமல் போகுதா?
4. டை எல்லாம் இருக்கா? சுமார் 4 மீட்டருக்கு ஒன்றாவது கண்ணில் படணும். நேற்று இருந்தது இன்றைக்கு இருக்கா?
5. பலகை முழு அகலத்துக்கும் இருக்கா? முனை ரொம்ப நீட்டிக்கொண்டு, மிதித்தால் எழும்புதா?
6. கைப்பிடி, நடுக்குழாய், டோ போர்டு மூன்றும் இருக்கா?
7. ஏறுவதற்கு ஏணி இருக்கா, இல்லை குழாயைப் பிடித்துக் குரங்கு மாதிரி ஏறணுமா?

ஏழில் ஒன்று இல்லை என்றாலும் சாரக்காரரைக் கூப்பிடுங்கள். நீங்களே சரி பண்ணப் போகாதீர்கள். அது அவர் தொழில்.

நண்பர்களே, இன்னும் கொஞ்ச நாளில் நாமும் சூப்பர்வைசர், ஜூனியர் இன்ஜினீயர் என்று வேலைத்தளத்தில் நிற்கப் போகிறோம். வேலை தள்ளிப்போகுது என்று மேலிடம் நம்மை நெருக்கும். அப்போது ஒரு மேஸ்திரி, படிக்காத மனுஷன், கையை உயர்த்தி "இறங்குங்க" என்று சொல்வார். அன்றைக்கு நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் நம்ம டிப்ளமோவுக்கு நிஜப் பரீட்சை. "யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என்ன ஆச்சுண்ணே?" என்று கேட்டுப் பழகுவோம்.

கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் சாரக்காரர் பெயர் இருக்காது. ஆனால் மேலே ஏறிய அத்தனை பேரும் சாயந்திரம் வீடு திரும்பியிருந்தால், அதுதான் அவர் கட்டிய கட்டடம்.



— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்